இருமாத பன்னிரண்டு பேர்

"என்கிட்ட என்ன வேணும்னாலும் கேளு. பெயிண்ட் வேலையை விடச் சொல்லி மட்டும் கேக்கக் கூடாது."

"கணக்குப் போடாதேன்னு நீங்க என்னைச் சொல்லாத வரைக்கும், சரி."

கல்யாணத்துக்கு முன்பு இருவரும் சிரித்துக்கொண்டே பேசி முடித்த ஒப்பந்தம் அது. பீரோ தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் அவனை எல்லோரும் 'கலர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அங்கேயே அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவள். போன மழைக்காலத்தில் அவன் இருமத் தொடங்கியதிலிருந்து, அந்த வாக்கு அவளை முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

இன்று மேலாளர், உடல்நலக் கணக்கெடுப்பின் அட்டவணையை நின்றபடியே பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இருமல் இருக்குன்னு சொன்னவங்க எண்பது பேர். அதுல பெயிண்ட் ஆளுங்க இருபத்தெட்டு. நூத்துக்கு முப்பத்தஞ்சுதான்! அப்புறம் பெயிண்ட்டை ஏம்மா குத்தம் சொல்லணும்?"

அவர் போனதும் அவள் அட்டவணையைக் குறுக்குவாட்டில் படித்தாள். பெயிண்ட் பிரிவில் இருப்பதே நாற்பது பேர். அதில் இருபத்தெட்டு என்றால் நூற்றுக்கு எழுபது. மற்ற பிரிவுகளில் இருநூற்று அறுபது பேருக்கு ஐம்பத்திரண்டு, நூற்றுக்கு இருபது. இருமுகிறவன் எந்தப் பிரிவு என்று கேட்பது வேறு, அந்தப் பிரிவில் இருப்பவன் இருமுவானா என்று கேட்பது வேறு. அவள் வீட்டுக்கு வேண்டியது இரண்டாவது கேள்வி.

சாயங்காலம் சமையலறையில் அதை அவனிடம் சொன்னாள்.

"அப்ப மீதி பன்னெண்டு பேர் கல்லு மாதிரி இருக்கோம்ல?" என்று கண்ணடித்தான்.

"இருக்கோமா? நீங்களும் இருமல் இல்லைன்னா சொன்னீங்க?"

"எங்க ஷிஃப்ட்ல கேக்கும்போது சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னாரு. வேற பிரிவுக்குத் தூக்கிடுவாங்கன்னு பன்னெண்டு பேரும் இல்லைன்னுட்டோம். இருமலை அடக்கி அடக்கி ஒருத்தனுக்குக் கண்ணே பிதுங்கிடுச்சு, போ!"

அவள் அடுப்பை அணைத்தாள். "அந்தப் பன்னெண்டுல நிஜமாவே இருமாதவங்க எத்தனை பேர்?"

அவன் விரல்களை மடக்கிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"ரெண்டு பேர். போன வாரம்தான் சேர்ந்தானுங்க."

நாற்பதுக்கு முப்பத்தெட்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. அவன் ஏதோ கேலி பேச வாயெடுத்தான், இருமல் முந்திக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தவனின் முதுகில் கை வைத்தாள். உள்ளே கரகரவென்று ஏதோ உரசுவது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லடி... தூசி..."

"வாக்குக் குடுத்தது ஞாபகம் இருக்குங்க. இருந்தாலும் கேக்கறேன். அந்த வேலையை விட்டுடுங்க."