எங்கள் கண்மாயில் மெக்சிகோ

ஊர்க் கிணற்றில் வாளி தரை தட்டிக்கொண்டிருந்த கோடையில் என் வீட்டுக்காரர் வள்ளம் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். வேம்பார்க் கடற்கரையில் யாரோ கழித்துப் போட்ட பாய்மர வள்ளம். வெடி லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய பாண்டியின் லாரியில், வைக்கோலுக்கு நடுவே, புது மாப்பிள்ளை மாதிரி சாய்ந்துகொண்டு வந்தது. எங்கள் ஊர் மல்லாங்கிணற்றுக்குத் தெற்கே இருக்கிறது. எங்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு உப்பு வாங்குவதோடு சரி. தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. பாண்டி அவருக்குச் சித்தப்பா மகன். என் முகத்தைப் பார்த்தவன் லாரியை அணைக்காமலே கிளம்பிப் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து சிவகாசிப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் முப்பது வருஷம் மருந்து ரூமில் வேலை பார்த்தவர். கடைசியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றார். மருந்து கலக்குகிற கையில் பத்து விரலும் மிச்சமாக ஒருவர் வீடு வந்து சேர்வது எங்கள் பக்கம் சாமி கொடுத்த வரம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் இரண்டு கையையும் விரித்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "போதும்யா, நல்லா வச்சிருக்க" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். அதற்குப் பிறகுதான் பல் விளக்குவார்.

அந்த முப்பது வருஷமும் நான் எப்படி இருந்தேன் என்று யாரும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். மேற்கே 'டொம்' என்று எது கேட்டாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். சாயங்காலம் கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் போய் நிற்பேன். வேனிலிருந்து அவர் தலை தெரிந்த பிறகுதான் உலை வைக்கவே தோன்றும். ஓய்வு பெற்று வந்தார், அப்பாடா என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூடு ஆறவில்லை, வள்ளம் வந்துவிட்டது. மனுஷருக்கு நீச்சலும் தெரியாது.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு காலண்டர். கம்பெனி ஆபீஸில் ஒரு வருஷம் மாட்டியிருந்த சிவகாசிக் காலண்டரில் நீலக் கடல், அதில் வெள்ளைப் பாய் விரித்த படகு, படகில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். அடியில் என்னவோ இங்கிலீஷில் போட்டிருந்ததைப் பாண்டி படித்து, இது மெக்சிகோ என்று சொல்லிவிட்டான். வருஷம் முடிந்ததும் படத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். வள்ளம் வந்த அன்று அந்தப் படத்தைக் காட்டித்தான் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"பாரு புள்ள. இஞ்சின் இல்ல, புகை இல்ல, சத்தம் இல்ல. அதுல நெருப்பே இல்ல. நீயும் நானும் இப்படி உக்காந்து போகணும், அம்புட்டுத்தான்."

நெருப்பிலிருந்து தப்பித்து வந்த மனுஷன் தண்ணீரில் போய் விழ வேண்டுமா என்று கேட்டேன். அந்தக் கட்டையில் என் கால் படாது என்று முருகன் படத்துக்கு முன்னாலேயே சொன்னேன். சொன்னால் சொன்னதுதான், நான் அப்படிப்பட்டவள்.

இரண்டு கோடை வள்ளம் எங்கள் வாசலில் கிடந்தது. முன்பக்கம் கோழி அடைகாத்தது, பின்பக்கம் நான் வத்தல் காயப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, வத்தல் நன்றாகக் காய்ந்தது. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெடி காயாமல் போய்விடும், மழை வரக் கூடாது என்று வருஷா வருஷம் வேண்டியவர், இப்போது மழை வர வேண்டும் என்று அதே சாமியிடம் கேட்டார். சாமிக்கே தலை சுற்றியிருக்கும்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில், தீபாவளி முடிந்த கையோடு, வானம் பொத்துக்கொண்டது. எங்கள் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. கல்யாணமாகி வந்த நாளாய் நான் பார்க்காத தண்ணீர். ஊர் ஆட்கள் வள்ளத்தைச் சப்பரம் தூக்குவது மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், முன்னால் ஒருவன் கொட்டடித்தான். பாய்க்குத் துணி இல்லையே என்று பார்த்தால், பாண்டி அச்சாபீஸில் கழித்துப் போட்ட பிளெக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டான். யாரோ காதுகுத்துக்கு அடித்தது. முறுக்கு மீசை வைத்த தாய்மாமன் இரண்டு கையையும் கூப்பி நிற்பார், மேலே 'வருக வருக' என்று எழுதியிருக்கும். காற்று வாங்கினால் அந்தத் தாய்மாமனுக்குக் கன்னமும் வயிறும் உப்பிவிடும். படித்துறையில் குளிக்கிற பெண்கள் அந்த மீசைக்காரர் வருகிறதைக் கண்டு வெட்கப்பட்டுக் கழுத்து வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

ஏறுகிற ஆட்களுக்கு என் வீட்டுக்காரர் சட்டம் போட்டார். செருப்பைக் கழற்ற வேண்டும். தீப்பெட்டி, பீடி, சாவிக்கொத்து கரையிலேயே இருக்க வேண்டும். நாலு பேருக்கு மேல் ஏறக் கூடாது. நைலான் சேலை ஆகாது, பருத்திதான் கட்ட வேண்டும். வள்ளத்து நுனியில் ஒரு செம்புத் தகடு அடித்திருந்தார், அதைத் தொட்டுவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டும். எல்லாம் மருந்து ரூம் சட்டம். உடம்பிலோ துணியிலோ இருக்கிற மின்சாரம் ஒரு பொறி தட்டினால் ரூமே போய்விடும், அதற்காக வைத்தது. தண்ணீரில் மிதக்கிற கட்டைக்கு அது எதற்கு என்று வெளியூர்க்காரன் கேட்பான். எங்கள் ஊரில் ஒருத்தர் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் கம்பெனிக்குப் போகிற ஊர். வரிசையில் நின்று, தகட்டைத் தொட்டு, நல்ல பிள்ளைகளாக ஏறினார்கள்.

வாடைக் காற்று தள்ளிக்கொண்டு போய் மேற்குக் கரையில் விடும். அங்கே முருகம்மாள் டீக்கடை. அந்தக் கரைக்கு மெக்சிகோ என்று பெயரே ஆகிவிட்டது. அவர் எங்கே என்று கேட்டால், மெக்சிகோவுக்கு டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று சின்னப் பிள்ளை சொல்லும். போகும்போது தாய்மாமன் புண்ணியம், திரும்பும்போது கம்பு ஊன்றித் தள்ளி வர வேண்டும். தோள்பட்டை வீங்கி வருவார், முகம் மட்டும் பூத்துப்போய் இருக்கும். இன்றைக்கு ஒரு நாரை பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது, கருவேல மரத்து உச்சியைக் கையால் தொட்டேன், தண்ணீருக்கு என்ன வாசனை தெரியுமா என்று சோற்றில் கை வைக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆசை அறுபது நாள் என்பார்கள். இவருக்கு அறுபது நாள் தாண்டியும் தணியவில்லை. நான் கண்மாய்ப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. துணி துவைக்கக்கூட அடிபம்புக்குத்தான் போனேன்.

தையில் மடை திறந்தார்கள். மடை பார்க்கிற வேலுச்சாமி, அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள் தரை தெரிந்துவிடும் என்று சொல்லிவிட்டான். வயலுக்குத்தானே தண்ணீர், யார் என்ன சொல்ல முடியும். மாசி பிறந்ததும் அவர் தினமும் ஒருமுறை என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

"ஒரே ஒரு தடவை வா வள்ளி. இந்தத் தண்ணி போச்சுன்னா அடுத்து எந்த வருசமோ. அதுக்கு நாம இருக்கோமோ என்னமோ."

போனால் போகட்டும் என்றேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன், அதை அவருக்குச் சொல்லவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு மத்தியானம் முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தேன். மேற்கே 'டொம்' என்று கேட்டது. சட்டி அதிர்ந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். என் கால் வேன் நிற்கிற ரோட்டுக்குப் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். அது கண்மாய்க் கரைக்கு ஓடியது. கரையேறிய பிறகுதான், நான் எங்கே வந்து நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

வள்ளம் கரையோரம் நின்றது. அவர் அதற்குள் எழுந்து நின்று, மேற்கே ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடையில் நின்ற வேலுச்சாமி, அது கல்குவாரியில் வைத்த வேட்டு, நேற்றே ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள் என்று கத்தினான். ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது, அதோடு கோபமும் வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே வள்ளத்துக்கு நடந்தேன். தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை. ஏறக் காலைத் தூக்கினேன்.

"ஏறாத புள்ள" என்றார் பதறிப்போய். "சேலை நைலானு."

இந்த மனுஷரை என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். மாசி முழுக்க வா வா என்று கெஞ்சிவிட்டு, வந்தவளை நைலான் என்று நிறுத்துகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தாய்மாமன்கூட மீசையை இறக்கியிருப்பார்.

"இங்கன என்ன மருந்தா கிடக்கு? தண்ணிங்க. தண்ணி வெடிக்காது. உங்களுக்காக நின்னு நின்னு என் காலு மரத்துப் போச்சு. இன்னமே நான் கரையில நிக்க மாட்டேன், எங்க போனாலும் கூடத்தான் வருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். குனிந்து தண்ணீரைப் பார்த்தார். புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்சம் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, கண்ணில் நீர் ஓடச் சிரித்தார். வேலுச்சாமி மடையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். நான் ஊர் வழக்கப்படி செம்புத் தகட்டைத் தொடப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, "அது வேணாம், ஏறு" என்றார்.

அப்படித்தான் செருப்பும் நைலான் சேலையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக நான் கடற்பயணம் போனேன். தாய்மாமன் வயிறு உப்பினார். கருவேல மரங்கள் பின்னால் நகர்ந்தன. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், கத்தியது பயத்தில் என்று அவர் நினைத்தார். இல்லை, சந்தோஷம். இத்தனை நாள் வீம்பு பிடித்து இதையா விட்டேன் என்று இருந்தது. காலண்டர்க் கிழவி மாதிரி காலை நீட்டினேன்.

நீட்டிய காலை மடக்குவதற்குள் 'சொத்' என்று வள்ளம் சேற்றில் உட்கார்ந்தது. நடுக் கண்மாய். கம்பை ஊன்றினார், கம்பு இறங்கியது, வள்ளம் அசையவில்லை. மேற்குக் கரையிலிருந்து முருகம்மாள் சிரித்த சிரிப்பு இங்கே கேட்டது. ஆளைக் கூட்டி வந்து தள்ளச் சொல்லவா என்று கேட்டாள். அவர் இறங்கப் போனார். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். தள்ள வேண்டாம், இரண்டு டீ மட்டும் கொண்டு வா என்று முருகம்மாளுக்குக் குரல் கொடுத்தேன். அவள் சேலையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து வந்து, தகட்டைத் தொட்டுவிட்டு, டம்ளரை நீட்டினாள்.

வள்ளம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது, சுற்றிலும் வெடித்த தரையும் ஆடு மேய்கிற புல்லுமாக. சாயங்காலம் இரண்டு பேரும் நடந்து போய் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம். இனி மழை எப்போது வருமோ, வரட்டும். நேற்றும் மேற்கே எங்கேயோ சத்தம் கேட்டது. நான் எழுந்து ஓடவில்லை. கையை நீட்டினேன், பக்கத்திலேயே இருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், பத்தும் இருந்தன.