அறுபத்து மூன்று ‘தற்போது’

காலையில் வேலைக்கு உட்கார்ந்ததுமே இசைவாணிக்குப் போன் வந்தது. பேசியவள் ஹர்ஷினி, சிவகாசிப் பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியில் ஓர் அச்சகத்தில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறவள். முன்பின் பழக்கமில்லை; கட்டுரையில் பெயரைப் பார்த்து, விசாரித்து எண் வாங்கியிருந்தாள்.

“சாப்ட்வேர் பத்தித் தமிழ்ல கட்டுரை எழுதுறது நீங்கதானக்கா? ‘தற்போது வெளிவந்துள்ள பதிப்பில் பழைய ஃபைல்கள் எல்லாம் திறக்கும்’னு போட்டிருந்தீக. நம்பி அப்டேட் பண்ணுனேன். ஒண்ணுகூடத் திறக்கல. சீசன் நேரத்துல நூத்தம்பது லேபிளு! சாயங்காலத்துக்குள்ள எடுத்துக் குடுக்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டாக மொதலாளி.”

இசைவாணிக்கும் சிவகாசியில் அதே வேலைதான். இணையக் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதுவது ஓய்வுநேரப் பெருமை. கட்டுரையைத் திறந்து பார்த்தாள். எழுதிய அன்று அது உண்மைதான். நான்கு வருடம் ஓடிவிட்டது. கட்டுரை மட்டும் இன்னும் ‘தற்போது’ என்று சாதித்துக்கொண்டிருந்தது.

நல்லவேளை, அவளுடைய முதலாளி ராஜபாண்டியனுக்கு அப்டேட் என்றாலே வேப்பங்காய். அதனால் அவளுடைய கம்ப்யூட்டரில் பழைய பதிப்பே கிடந்தது.

“எல்லாத்தையும் எனக்கு அனுப்பு தாயி” என்றாள்.

சாப்பாட்டை மறந்து ஒவ்வொன்றாகத் திறந்து, புதிய பதிப்பும் ஏற்கிற வடிவத்தில் சேமித்தாள். சங்குசக்கரம், பூச்சட்டி, கம்பி மத்தாப்பு. ஒவ்வொரு லேபிளின் மூலையிலும் ஒரு வெற்றுக் கட்டம்: தயாரித்த மாதம், வருடம். அதில் முத்திரை குத்தாமல் பெட்டி கம்பெனியை விட்டு நகராது. ஊர்ப் பட்டாசுக்கெல்லாம் தேதிக் கட்டம் வரைந்து கொடுத்தவள், தான் எழுதியதற்கு ஒன்று வரையவில்லை. வெட்கமாக இருந்தது.

நாலரைக்குக் கடைசி லேபிளும் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஹர்ஷினியே கூப்பிட்டாள்.

“எல்லாம் திறந்திருச்சுக்கா. நாளைக்கு வரச் சொல்லிட்டாக.”

“தப்பு என்னோடதுன்னு உங்க மொதலாளிகிட்ட நான் சொல்லட்டா?”

“வேணாம்க்கா. அந்த வரிய மட்டும் மாத்திருங்க. இன்னொருத்தி மாட்டிக்கிடக் கூடாது.”

வீட்டுக்கு வந்ததும் தன் கட்டுரைகளில் ‘தற்போது’ எத்தனை என்று தேடினாள். அறுபத்து மூன்று. முதலாவதை அழித்துவிட்டு எழுதினாள்: “மார்ச் 2021இல் வெளிவந்த பதிப்பில் பழைய ஃபைல்கள் திறந்தன. ஆகஸ்ட் 2025இல் சோதித்தபோது, புதிய பதிப்பில் திறக்கவில்லை.”

மாற்றத்துக்கான குறிப்பில், சோதித்தவர் யார் என்று எழுத வேண்டும். தன் பெயரைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. ‘ஹர்ஷினி’ என்று எழுதிவிட்டு, இரண்டாவது ‘தற்போது’க்குப் போனாள்.