பட்டறையைச் சுற்றிய தார்ப்பாய்

அப்பா செத்த பிறகு நான் யாரையும் நம்பவில்லை. முக்கியமாக அண்ணாதுரை சித்தப்பாவை. காலையானால் எங்கள் செட்டிகுளம் கொல்லைக்கு வந்துவிடுவார். விதைக்காகச் சின்ன வெங்காயம் அடைத்து வைத்திருந்த மூங்கில் கூண்டை, எங்கள் பேச்சில் பட்டறையை, சுற்றிச் சுற்றி வருவார். மூங்கில் படலின் இடுக்கில் மூக்கை வைத்து உறிஞ்சுவார்.

“வாட வருது முத்தமிழு. அழுகிப் போறதுக்குள்ள வித்துத் தள்ளிவுட்டுடு. அரியலூர் ஏவாரி ஒருத்தன் இருக்கான். பொம்பளப் புள்ள ஒத்தையா என்னத்த வெள்ளாம பண்ணப் போற? கொல்லைய நான் குத்தகைக்குப் பாத்துக்கறேன்.”

விதை வெங்காயம் போனால் ஐப்பசியில் நட ஒன்றும் இருக்காது. நடாவிட்டால் கொல்லை தானாக அவர் கைக்குப் போய்விடும். இதுகூடப் புரியாத மண்டு இல்லை நான். ஆனாலும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா சொல்வார், நான் செய்வேன். நானாக ஒரு முடிவு எடுத்துப் பழக்கமே இல்லை.

ஒருநாள் பட்டறையின் கீழ்ப் படல் லேசாக விலகிக் கிடந்தது. சித்தப்பா வேலைதான் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். பெரிய தார்ப்பாய் ஒன்றை மேலிருந்து தரைவரை போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

“ஏண்டி, இது என்ன கூத்து?” என்றாள் அம்மா.

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரும்மா.”

ஒரு வாரத்தில் நிஜமாகவே வாடை அடித்தது. மனுஷன் தண்ணீரை ஊற்றிவிட்டாரோ! கொதித்துப்போய்க் கயிற்றை அறுத்தேன். தார்ப்பாயின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. காற்றுப் புகத்தான் பட்டறையைக் கல்மேல் தூக்கிக் கட்டுவார் அப்பா. அது தெரிந்தும் மூச்சுமுட்டக் கட்டியது நான்தான். வெட்கத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

வழக்கம்போலக் காலையிலேயே வந்திருந்த சித்தப்பா அதற்குள் போனை எடுத்துவிட்டார். “நான் சொன்னேன்ல? மத்தியானமே ஏவாரிய வரச்சொல்றேன். மொத்தத்தையும் ஏத்திவுட்டுடுவோம்.”

அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்தமுறை அவர் முகத்தை ஆராய்ந்துகொண்டு நிற்கவில்லை. படலை விலக்கி, தோள்வரை கையை உள்ளே விட்டேன். ஓரத்தில் கொழகொழவென்று இருந்தது. நடுவில் வெங்காயச் சருகு காய்ந்து சலசலத்தது, சூடும் இல்லை. வேறு பக்கம் விட்டுப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை.

“ஏவாரி வேணாம் சித்தப்பா. ஓரத்துல மட்டுந்தான் அழுகியிருக்கு. பிரிச்சுக் கொட்டி, அழுகுனத ஆஞ்சு எறிஞ்சுட்டு, திரும்ப அடைக்கப் போறேன். ஐப்பசிக்கு நானே நட்டுக்குவேன்.”

“யாரக் கேட்டு முடிவு பண்ணுன?”

“யாரையும் கேக்கல.”

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நிஜமாகவே அக்கறைப்பட்டாரா, கொல்லைக்குக் குறிவைத்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

“எந்தப் பக்கத்துலேருந்து பிரிக்கணும், சொல்லு.”

அப்பாவிடம் மட்டும்தான் அவள் அப்படிக் கேட்பாள்.