வட்டத்துக்கு ஒரு கோடு

காலை ஆறு ஐந்துக்குக் கோடு விழவில்லை. ஆறே காலுக்கும் விழவில்லை. ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் கிளம்பிவிடும்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் டைம் ஆபீஸில், மேசை நிறைய ஒயர்களோடு பர்ஹானா அக்கா உட்கார்ந்திருந்தாள். என் வகுப்புத் தோழன் ரஷீதின் அக்கா, உளவியலில் எம்.ஃபில். நைட் ஷிஃப்ட் முடித்தவரின் விரலில் ஒயர் கட்டி, லேப்டாப்பில் சிவப்பு வட்டம் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்ல வேண்டும். விரல் வியர்ப்பதை ரெக்கார்டர் காகிதத்தில் வரைந்துகொண்டே போகும். ஒவ்வொரு வட்டத்துக்கும் லேப்டாப் பிரிண்டர் கேபிள் வழியாக ஒரு சிக்னல் அனுப்பும். காகித ஓரத்தில் ஒரு கோடு விழும். கோடு இல்லாவிட்டால் எந்த வட்டத்துக்கு எந்த வியர்வை என்று கடவுளுக்குத்தான் தெரியும். கைடு கடவுளிடம் கேட்கிற ரகம் இல்லை. ஆறு பேராவது இல்லாமல் ஆய்வேட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கருவிகளை நேற்றே கொண்டுவந்து வைத்துவிட்டோம், ஆட்களைச் சோதிக்க ஆலை அனுமதி இன்று மட்டும். ரெக்கார்டர் இரவல், மாலைக்குள் சென்னை போக வேண்டும். நான் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு, எல்லாம் தெரியும் என்று ரஷீத் சொல்லிவைத்திருந்தான். என் அரியர்களை அவன் சொல்லவில்லை.

"நேத்து சாயந்தரம் டெஸ்ட் பண்ணப்போ வந்துச்சேடா குணா."

"லேப்டாப் அனுப்பிக்கினுதான்கா கீது. ரெக்கார்டருதான் வாங்க மாட்டேங்குது."

வாசலில் ஆறு பேர் அழுக்குச் சட்டையோடு நின்றிருந்தார்கள். "ஊட்டுக்குப் போவ உடுவீங்களா மாட்டீங்களா?" என்றது ஒரு குரல்.

ரெக்கார்டரின் பின்னாலிருந்து கேபிளைப் பிடுங்கினேன். ஜவ்வாது மணத்தது. அது செருகியிருந்த இருபத்தைந்து ஓட்டைகளின் மேலும் சந்தனம், நட்டநடுவில் குங்குமம்.

ஃபோர்மேன் பரசுராமன் பெருமையாக எட்டிப் பார்த்தார். "நேத்து ஆயுத பூஜை இல்ல நைனா? ரோலரு, கிரேனு, எடை மிசினு, அல்லாத்துக்கும் வெச்சோம். உங்க மிசினு மட்டும் வெறும் நெத்தியா கெடந்துச்சு. மனசு கேக்கல. நானே என் கையால வெச்சேன்."

"பின்னாடி ஏன் சார்?"

"முன்னாடி வெச்சா காயிதம் கறையாயிடுமே! ஒயரக் கழட்டி, பொட்டு வெச்சி, மறுபடி மாட்டிட்டேன். டைட்டா இருந்துச்சு. அமுக்கினேன்."

இரும்பை உருட்டுகிறவர் அமுக்கியிருக்கிறார். கேபிள் முனையில் ஓர் ஊசி படுத்துக் கிடந்தது. நிமிர்த்தினேன். கையோடு வந்துவிட்டது.

அக்கா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தலைத்துணியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, ஓட்டை ஓட்டையாகக் காய்ந்த சந்தனத்தைத் தோண்டினாள்.

"உடைஞ்சதுதான் சிக்னல் போற ஊசியா?"

"ஆமாங்க்கா."

"மொத்தம் எட்டு ஊசியில அனுப்பலாம்னு நீதானே சொன்ன? பக்கத்து ஊசியில அனுப்பேன்டா."

அனுப்பலாம். எதில் அனுப்பினாலும் கோடு விழும், உயரம்தான் மாறும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். புரோகிராமில் ஒன்றை அழித்து இரண்டு போட்டேன்.

ஆறு இருபத்தேழுக்கு முதல் கோடு விழுந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம்.

மூன்றாவது ஆள் உட்கார்ந்தபோது பஸ் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். வட்டத்துக்கு எறும்பு அளவு எழும்பிய வியர்வை, ஹாரனுக்குத் தென்னை மரம் ஏறியது.

"அக்கா, ஹாரன் மேட்டர எழுத வேணாம். எவன் பாக்கப்போறான்?"

"நான் பாத்துட்டேனே. மூணாவது ஊசியில அனுப்பு. ஹாரன் கேட்டா நீ கீய அமுக்கு. உசரமா விழட்டும்."

ஆள் மாறும் இடைவெளியில் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். அமுக்கினேன். நிறைய அமுக்கினேன்.

ஆறாவது ஆள் எளாவூர் சடையப்பன். விரலில் ஒயரோடு அவர் இருக்கும்போதே பஸ் உறுமியது. பரசுராமன் "நிறுத்து, நிறுத்து!" என்று கத்திக்கொண்டு ஓடினார். ஜன்னலுக்கு வெளியே பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பியது. வியர்வையை வரையும் முள் காகித விளிம்பில் போய் இடித்தது.

"இன்னும் எத்தினி வட்டம்மா?"

"ஒம்போது அண்ணே." இருங்கள் என்று அக்கா சொல்லவில்லை. எழுந்தால் கழற்றிவிடுவதற்காக, ஒயரின் அருகே கையை வைத்துக்கொண்டாள்.

சடையப்பன் ஜன்னலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். சிவப்பு வட்டம் வந்தது. அமுக்கினார்.

"லாரி புடிச்சிப் போய்க்கலாம். நீ போடும்மா."

அக்கா திரையை விட்டுக் கண் எடுக்காமல் என்னிடம் கேட்டாள்: "பஸ் போனதுக்குக் கோடு போட்டியாடா?"

போட்டேன்.