உங்களுக்கு ஆட்டிய துண்டு

நிறுவனம் மூன்று புதிய சொகுசுக் கப்பல்களை வாங்கப்போகிறது என்றதும் முதலில் துள்ளியவன் பழைய கப்பலின் சலவைக்காரன்தான். ஆள் தேவைப்படும், மனைவிக்கும் வேலை கிடைக்கும், ஒரே கப்பலில் இருந்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினான். வேலையும் கிடைத்தது. அவளைப் புதுக் கப்பலின் சலவை அறையில் போட்டார்கள். அவன் பழைய கப்பலிலேயே கிடந்தான்.

"ஒரே கப்பல்ல கேட்டிருந்தேனே சார்?" என்றான் மேலாளரிடம்.

"ஒரே கம்பெனிதானேப்பா, அப்புறம் என்ன?" என்று சிரித்தார் அந்த மகராசன்.

இன்று நடுக்கடலில் இரண்டு கப்பல்களும் எதிரெதிரே வந்தன. அப்படி வந்தால் பயணிகள் மேல்தளத்தில் கூடி, வெள்ளைத் துண்டுகளை ஆட்டி எதிர்க் கப்பலுக்கு வணக்கம் சொல்வது அந்த நிறுவனத்தின் வழக்கம். ஊழியர்கள் தலைகாட்டக் கூடாது, புகைப்படம் கெட்டுவிடுமாம்! ஜன்னலே இல்லாத அடித்தளச் சலவை அறையில், இரும்புச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றான் அவன். இந்தக் கப்பலின் சங்கு ஊதியது. பதிலுக்கு அவள் கப்பலும் ஊதியது. காதை இன்னும் அழுத்தி வைத்தான்.

அந்த ஒலி அடங்குவதற்குள் மேலிருந்து துண்டுகள் பொத்பொத்தென்று வந்து விழுந்தன. ஆட்டிய கையோடு வாயையும் செருப்பையும் அதிலேயே துடைத்திருந்தார்கள் புண்ணியவான்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அள்ளி இயந்திரத்தில் திணித்தான்.

வேலை முடிந்ததும் அவளைக் கைபேசியில் பிடித்தான்.

"எங்க கப்பலப் பாத்தியா?"

"எங்க பாக்க விட்டாங்க? துண்டத்தான் பாத்தேன், உங்களுக்கு ஆட்டினது. இன்னும் பாதி துவைக்கணும். வெச்சிடட்டுமா?"