உப்பு படிந்த குடுவை

பதினோராவது முறையும் வெறும் பால் நிறக் கலங்கல். ஃபாயிஸா குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினாள். வரிகள் ஓடவில்லை.

சீரியம் ஆக்சைடின் நானோ துகள்கள் தண்ணீருக்குள் பக்கவாட்டில் ஒட்டித் தாளாக வேண்டும். தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய தாள். தாள் உண்டாகியிருந்தால், சுழற்றும்போது உள்ளே பட்டுப்போல வரிகள் புரளும். ஜனவரி வரை புரண்டன. அதை வைத்துத்தான் கட்டுரை அனுப்பினார்கள். இப்போது இதழிலிருந்து கடிதம்: வேறொரு ஆய்வகத்தில் வரவில்லை, மறுபடி செய்து காட்டுங்கள்.

பேராசிரியர் தமிழ்மாறன் குடுவையைப் பார்த்தார். பிறகு அவளை.

"அந்தப் படமெல்லாம் நம்ம சாம்பிள்தானம்மா?"

ஐந்து வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை.

"சத்தியமா சார்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். வரலேன்னா கட்டுரையத் திரும்ப வாங்கிரணும். அப்புறம் கமிட்டி கூப்பிடும். உன் பட்டத்துக்கு நான் பொறுப்பில்ல."

அவள் நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி ஒன்றே: குடுவைகள் காய்ச்சி வடித்த நீரில் அலசப்பட்டன. கீழே அவள் கையெழுத்து. ரசாயனம் அதே புட்டி. அடுப்பு அதே அடுப்பு. பிப்ரவரியில் மாறியது கழுவும் ஆள் மட்டும்.

ஒச்சம்மாள். அதுவரை கழுவியவள். குடுவைகளில் வெள்ளைத் திட்டு இருக்கிறது, போர்க்குழாயின் உப்புத் தண்ணீரில் அலசுகிறார் என்று புகார் எழுதியது ஃபாயிஸாதான். ஒச்சம்மாள் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து மறுத்தாள். மறுநாள் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அவளை வர வேண்டாம் என்றுவிட்டார்.

ஃபாயிஸா தேடிப் போனபோது, சமயநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் அவள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, பாப்பாவா? இந்த வெயில்ல இம்புட்டுத் தூரமா?"

"ஒண்ணு கேக்கணும்க்கா. கடைசியா எந்தத் தண்ணில அலசுனீங்க?"

தேய்த்த கை நின்றது.

"மிஷின் தண்ணிலதான். அன்னைக்கே சொன்னேன்ல."

"போர் தண்ணின்னாலும் பரவாயில்லக்கா. அந்த உப்பு இருந்தாத்தான் சரியா வரும் போல."

"நல்லாருக்கே கத! அன்னைக்கு உப்பு இருக்குன்னு தொரத்துனீக. இன்னைக்கு உப்பு வேணுங்கிறீக. யாரு அனுப்புனா, காண்ட்ராக்டரா?"

"யாரும் அனுப்பலக்கா."

"அந்த மிஷின் சொட்டுச் சொட்டா வடிக்கும். நாப்பது குடுவ அலசுறதுக்குள்ள பொழுது விழுந்துரும். இருந்தாலும் அதுலதான் அலசுனேன். எழுதிக்கங்க."

ஃபாயிஸா கிளம்பினாள். ஒச்சம்மாள் கையைக் கழுவிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"பாப்பா, முகூர்த்தம் இல்லாத மாசம் இங்க அடுப்பெரியாது. ஒச்சம்மா மேல தப்பில்லேன்னு சார்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. திங்கக்கெழம வந்து பாக்கவா?"

"வாங்கக்கா. சொல்றேன்."

ஆய்வகத்தின் பின்னால் இருந்த போர்க்குழாயில் ஃபாயிஸா ஒரு வாளி தண்ணீர் பிடித்தாள். மூன்று குடுவைகளை அதில் அலசிக் கவிழ்த்தாள். காய்ந்ததும் வெள்ளைத் திட்டு படிந்தது. இன்னும் மூன்றை மிஷின் தண்ணீரில் அலசினாள்.

வியாழக்கிழமை மதியம், மிஷின் தண்ணீரில் அலசிய மூன்றிலும் பால். திட்டுப் படிந்த மூன்றிலும் வரிகள் புரண்டன.

தமிழ்மாறன் சத்தமாகச் சிரித்தார். "உப்புத்தான் துகளச் சேத்து வைக்குது! இனி அளந்தே போட்டுரலாம்." சிரிப்பு அடங்கியதும் நோட்டை இழுத்துப் பார்த்தார். "அப்ப இது? காய்ச்சி வடித்த நீர்னு இருக்கு. உன் கையெழுத்து."

"பாக்காம எழுதுனேன் சார்."

"அத எழுதிக் குடுத்தா இதழ்க்காரன் மத்த பக்கத்தையும் நம்ப மாட்டான். கழுவுற அம்மாவத் தெனமும் கேட்டேன், அப்படித்தான் சொன்னாங்கன்னு எழுது. பேரும் போடு. அவங்கதான் போயாச்சே."

ஃபாயிஸா ஒரு நாளும் கேட்டதில்லை. குடுவையில் வரிகள் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: ஒவ்வொரு முறையும் கேட்டேன். காய்ச்சி வடித்த நீர் என்றே ஒச்சம்மாள் பொய் சொன்னார். கையெழுத்துப் போட்டாள். ஒரு நகல் ஒப்பந்தக்காரருக்குப் போனது.

திங்கட்கிழமை காலை ஒச்சம்மாள் வாசல் கேட்டில் நின்றாள். துவைத்து மடித்த சேலை. தலையில் பூ.

"சொன்னீகளா பாப்பா?"

ஃபாயிஸா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"நீங்க சொல்லுவீகன்னு தெரியும்." ஒச்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "உங்கட்ட மறைக்கக் கூடாது. அவசரத்துக்குப் போர் தண்ணிலதான் அலசுனேன். பயத்துல புள்ளைக மேல சத்தியம் வேற பண்ணித் தொலைச்சேன். இனி அந்தக் கொழாயத் தொடவே மாட்டேன்."

காவலாளி ஒச்சம்மாள் பெயரைச் சொல்லி, உள்ளே விடலாமா என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள வேலை கெடக்குக்கா."

"நீங்க போங்க பாப்பா. பின்னாலயே வாரேன்."