ஏலம் போகாத கர்தினால்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மெல்பேர்ணின் கேரம் டவுன்ஸ் கோயிலில் சிவனும் விஷ்ணுவும் ஒரே வளவுக்குள் இருப்பதால் சாட்சிக்கும் இரண்டு பேர் ஆயிற்று. ஒருவர் மறந்தாலும் மற்றவர் சொல்வார்.

1974இல் அந்தக் கோயில் இல்லை. அந்தப் பக்கமெல்லாம் மாடுகள்தான். அங்கே மிஸிஸ் டூலன் என்ற ஐரிஷ் கிழவியின் வீட்டில் ஓர் அறை எடுத்துக் குடியிருந்தார் கணேசலிங்கம். மல்கிரேவில் வரைபடம் கீறும் வேலை. அறை குளிர், கட்டில் பள்ளம். ஆனாலும் அவர் அங்கேயே கிடந்ததற்குக் காரணம், கிழவியின் பசு. சிவப்பு நிறம், பெரிய வயிறு, யார் சொன்னாலும் எழும்பாது. அதனால், சிவப்பு அங்கி போடும் கத்தோலிக்க மேலாயர்களைப்போல, கர்தினால் என்று பெயர். அதன் பாலில் உறைந்த தயிரில் கரண்டியைக் குத்தினால் கரண்டி நிற்கும். மெல்பேர்ண் முழுக்க அப்படித் தயிர் கிடையாது என்று கணேசலிங்கத்துக்குத் தெரியும். தேடிப் பார்த்தவர்.

அந்த வருஷம் புதிதாக வந்த ஒரு பாதிரியார், பழைய பெட்டியொன்றில் ஒரு பத்திரத்தைக் கண்டெடுத்தார். ஊரில் விளைவதில் பத்தில் ஒரு பங்கு அவருடைய தேவாலயத்துக்காம். மிஸிஸ் டூலனோ கத்தோலிக்கர், பாதிரியாரின் ஆங்கிலிக்கன் சபையில்லை.

"போகாத கோயிலுக்கு நான் ஏன் தம்பி படியளக்க வேணும்?" என்றார் கிழவி. அவர் பேசியது ஆங்கிலம்தான். கணேசலிங்கத்தின் காதில் மட்டும் அது யாழ்ப்பாணத் தமிழாக விழும்.

பாதிரியார் பத்தாவது முட்டையைக் கேட்டார். கிழவி கூழ்முட்டையாகப் பார்த்து அனுப்பினார். பத்தாவது வாளிப் பாலைக் கேட்டார். அதை நீரே வந்து கறந்துகொள்ளும் என்றார் கிழவி. வந்தார். கர்தினால் உதைத்து அவர் போய் விழுந்த இடத்தில் இன்றும் புல் முளைப்பதில்லை. அடுத்த கிழமை மாட்டையே பிடித்துக் கட்டிவிட்டு, சனிக்கிழமை ஏலம் என்று பலகை வைத்தார்.

"எங்கட பூட்டன்மாற்ற காலத்தில அயர்லாந்திலயும் இதே கூத்துத்தான்," என்றார் கிழவி வெள்ளிக்கிழமை இரவு. "பிடிச்ச மாட்டை ஏலம் போடுவினம். சனம் முழுக்க வந்து நிக்கும், ஒருத்தரும் விலை கேக்க மாட்டினம். மாடு தன்ரபாட்டில வீட்டை வந்திடும். நாளைக்கும் அப்பிடித்தான். நீர் வாயைத் திறந்தீரோ, பெட்டியைக் கட்டும்!"

"எனக்குத் தயிர் வேணும், மிஸிஸ் டூலன். நான் ஏன் திறக்கிறன்?"

சனிக்கிழமை இருநூறு ஐரிஷ்காரர் வந்து நின்றார்கள். மூக்கில் ஈ இருந்தாலும் ஒருவரும் துரத்தவில்லை. கையைத் தூக்கினால் விலை கேட்டதாகிவிடும்.

"பத்து டொலர்! ஆராவது?" என்று கத்திய ஏலக்காரர் கணேசலிங்கத்தைப் பார்த்தார். ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது மரம்போல நிற்பது மரியாதையா? கணேசலிங்கம் தலையை ஆட்டினார். நாம் ஆட்டுவோமே, அந்த ஆட்டு. மேலும் கீழும் இல்லை, இடமும் வலமும் இல்லை.

"கேட்டாச்சு! மண்ணிறக் கோட்டுக்காரர், பத்து டொலர்!"

இருநூறு தலைகள் திரும்பின. கிழவியின் கண்ணில் கணேசலிங்கத்தின் பெட்டி தெரிந்தது. இல்லை என்று சொல்லலாம் என்றால் வாயைத் திறக்கக் கூடாது. அவர் இன்னும் பலமாக ஆட்டினார்.

"இருபது! ஐயா, உமக்கு மேல நீரே கேக்கிறீர், விளங்குதோ?"

ஆட்டினார்.

"அப்ப மாடு வேணுமோ?"

ஆட்டினார்.

"வேண்டாமோ?"

அதற்கும் அதே ஆட்டு, அரை அங்குலம் கூடாமல் குறையாமல்.

பாதிரியார் இடப்பக்கம் நின்று பார்த்து ஓம் என்றார். ஏலக்காரர் வலப்பக்கம் நின்று பார்த்து இல்லை என்றார். இடம் மாறி நின்றார்கள், பதிலும் மாறியது. நாலு மணிக்கு விலை நாற்பதினாயிரத்தில் நின்றது, வாங்கியவர் யாரும் இல்லை. ஏலக்காரர் கதிரையில் இருந்து அழுதார். அழும்போது அவர் தலையும் அதேபோல ஆடியது. பாதிரியார் வெறுத்துப்போய்ப் பத்திரத்தைக் கர்தினாலின் முன்னால் வீசினார். அது மென்று விழுங்கியது. பத்தில் ஒரு பங்குகூட மிச்சம் வைக்கவில்லை.

"ஓமையும் இல்லையையும் ஒரேயடியாச் சொல்லலாமெண்டு தெரிஞ்சிருந்தா," என்றார் கிழவி, தயிர்ச் சட்டியை முழுதாக அவர் பக்கம் தள்ளிவிட்டு, "எங்கட சனம் கப்பலே ஏறியிருக்காது, தம்பி."

கணேசலிங்கம் பன்னிரண்டு வயதில் கோப்பாயில் மாமரத்தால் விழுந்தவர். அன்றிலிருந்து அவருடைய கழுத்து எந்தப் பக்கமும் அசையாது. இதுவும் சத்தியம்.